பாக்கலாம் பாயின் நீள லென்ஸ்

கள்ளக்குறிச்சி பாக்கலாம் பாயைப்போல முடிவெடுக்கத் தெரியாத இன்னொரு மனிதர் இந்தப் பூமியில் கிடையாது. இன்னொருவரைப் படைக்கலாமா வேண்டாமா என்று கடவுளே இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகத்தான் நான் நினைக்கிறேன்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டீ சாப்பிடலாமா பாய்? பாக்கலாம். மழை வருமா பாய்? பாக்கலாம். பாய், காலுகிட்ட தேளு! பாக்கலாம். நிக்காஹ் அன்று பெண்ணைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று பெரியவர்கள் கேட்டபோதும் இதே பதிலைச் சொல்லி, மாமனார் முறைத்த பிறகுதான் மாற்றிச் சொன்னாராம். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி பாயம்மா. கல்யாணமாகி எத்தனையோ வருடமாகியும் அந்தக் கோபம் ஆறாமல் அப்படியே கொதித்தது.

பாய்க்குக் காந்தி ரோட்டில் போட்டோ ஸ்டுடியோ. பின்கட்டில் வீடு. நான் வேளாண்மைத் துறையில் புதிதாகச் சேர்ந்து, ஸ்டுடியோவுக்கு மேலே இருந்த அறையில் குடியிருந்தேன். பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, விளக்கைப் போட்டு, அணைத்து, "சிரிக்கலாமா, வேணாமா... பாக்கலாம்" என்று நிற்பார். மொட்டை போட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த குடும்பம் முடி முளைத்த குழந்தையோடு வீடு திரும்பியது. வேலைக்கு மனுப்போடப் படமெடுக்க உட்கார்ந்த ஒருவர் எழுந்திருக்கும்போது வயது வரம்பைத் தாண்டியிருந்தார் என்று எதிரே மருந்துக்கடை வைத்திருந்தவர் சத்தியம் செய்வார். ஆனால் படம் என்னவோ பிரமாதமாக இருக்கும். அதனால்தான் கூட்டமும் குறையவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அந்த ஆசை வந்தது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அப்பால், ஒரு செங்குத்துப் பாறை இருக்கிறது. அதில் மலைத்தேன் அடைகள் கறுப்புக் கம்பளிகளைக் காயப்போட்ட மாதிரி வரிசையாகத் தொங்கும். அதைப் படமெடுக்கப் போன பாய், கிட்டே போய் நின்று, இந்தப் பக்கமிருந்து எடுக்கலாமா அந்தப் பக்கமிருந்து எடுக்கலாமா என்று யோசித்தார். தேனீக்களும் எவ்வளவு நேரம்தான் பொறுத்துக்கொள்ளும்? அவர் வீடு வந்து சேர்ந்தபோது முகம் பூசணிக்காயாகியிருந்தது. கதவைத் திறந்த பாயம்மா, "ஸ்டுடியோக்காரரு மலைக்குப் போயிருக்காருங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

வீக்கம் வடிந்தது. ஆசை வடியவில்லை. தூரத்தில் நின்றே எடுக்க ஒரு நீள லென்ஸ் இருந்தால் போதும் என்றார். பாண்டிச்சேரியில் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் அப்படி ஒன்று இருந்தது. முழங்கை நீளம். அந்த விலைக்கு இரண்டு கறவை மாடும் ஒரு கன்றுக்குட்டியும் வாங்கலாம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். வாங்கலாமா, வேண்டாமா?

பாய் எல்லோரையும் கேட்டார். மருந்துக்கடைக்காரரைக் கேட்டார். பேங்க் மேனேஜரைக் கேட்டார். வடக்கனந்தலிலிருந்து கல்யாணத்துக்கு முன்பணம் கொடுக்க வந்த மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்துக் கேட்டார். அவர்கள் குழம்பிப்போய் முகூர்த்தத் தேதியையே மறந்துவிட்டார்கள். என் அறைக்கு விடியற்காலையில் ஏறி வந்து, "தம்பி, தூங்கறீங்களா? லென்ஸ் விஷயமா ஒண்ணு தோணுச்சு" என்பார். பாயம்மாவிடம் கேட்டபோது மட்டும் பதில் பளிச்சென்று வந்தது.

"வாங்குனா வாங்குங்க, வாங்காட்டி போங்க. ஆனா சோறு துண்றப்ப அந்தப் பேச்ச எடுத்தீங்க, தட்ட எடுத்துடுவேன்."

பிறகு பாய்க்கு ஒரு யோசனை தோன்றியது. அவ்வளவு கனமான லென்ஸைத் தூக்கிக்கொண்டு மலை ஏற முடியுமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். இரும்புக்கடையில் அதே நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாயை வெட்டி வாங்கி, எடைக்குச் சமமாக அடியில் கல் வைத்துக் கட்டி, கேமராவின் முன்னால் பொருத்தினார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சைக்கிளில் சுற்ற ஆரம்பித்தார். கடைக்கு, சந்தைக்கு, பள்ளிவாசல் வாசல்வரைக்கும் குழாயோடுதான்.

காலம் சாதாரணக் காலமாக இருந்திருந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். அது இடஒதுக்கீடு கேட்டு எங்கள் வட்டாரம் கொதித்துக்கொண்டிருந்த காலம். காலையில் நின்ற புளியமரம் மாலையில் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருக்கும். பஸ் கிளம்பினால் போய்ச் சேருமா என்பது டிரைவருக்கே தெரியாது. முக்குக்கு முக்கு போலீஸ். அந்த நேரத்தில் ஒருவர் நீளக் குழாயை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு நாலுமுனை ரோட்டில் வந்தால் என்ன ஆகும்? புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் லத்தியை நீட்டி மறித்தார். பின்னால் மொபெட்டில் வந்துகொண்டிருந்த நானும் நின்றேன்.

"யோவ், நில்லு. இன்னாய்யா அது?"

"லென்ஸுங்க."

இன்ஸ்பெக்டர் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். "கண்ணாடி எங்க?"

"கண்ணாடி இன்னும் வாங்கலீங்க. வாங்கலாமா வேணாமான்னு யோசிச்சிக்கினு இருக்கேன்."

"அப்ப இது இன்னா?"

"குழாய்ங்க."

"இப்பத்தான லென்ஸுன்ன?"

"வாங்குனா லென்ஸுங்க. வாங்கலன்னா குழாய்ங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். இந்த ஆளை எந்தப் பிரிவில் பிடிப்பது என்று அவர் சட்டப் புத்தகம் முழுவதையும் மனதுக்குள் புரட்டுவது முகத்தில் தெரிந்தது. பாய் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு, அவரும் தன் விஷயத்தைத்தான் யோசிக்கிறார் என்று நினைத்துவிட்டார். "நீங்க இன்னா சொல்றீங்க சார், வாங்கலாமா?" என்றார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "இவர இட்டுக்கினு போயிடுப்பா" என்றார். கெஞ்சுகிற குரல்.

இப்படியே மாதங்கள் போயின. ஒருநாள் மருந்துக்கடைப் போனில் பாண்டிச்சேரிக் கடைக்காரர் கூப்பிட்டார். வெள்ளைக்காரர் ஒருவர் அந்த லென்ஸைக் கேட்கிறாராம். நாளை சாயங்காலம்வரை வைத்திருப்பேன், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது என்றார். மறுநாள்தான் சாலை மறியல். ஒரு பஸ்கூட ஓடாது.

பாய் அன்று சோறு சாப்பிடவில்லை. பாயம்மா தட்டை எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. விடியும்போது கீழே வந்து பார்த்தேன். கழுத்தில் குழாயோடு என் மொபெட்டின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"போலாமா பாய்?"

"பாக்கலாம்," என்றார். ஆனால் இறங்கவில்லை. நான் கிளப்பினேன்.

தியாகதுருகம் தாண்டியதும் முதல் மரம். பெரிய புளியமரம், ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன் மேலும் கீழும் ஆண்களும் பெண்களுமாக நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் அண்டாவில் உப்புமா வெந்துகொண்டிருந்தது. முண்டாசு கட்டிய பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?"

நான் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. பாய் குழாயைத் தூக்கிக் காட்டி விளக்கினார். தேனடை, பாறை, வீங்கிய முகம், இரண்டு மாட்டு விலை, வெள்ளைக்காரர் எல்லாம் சொன்னார். கூட்டம் நெருங்கி வந்தது. ராத்திரியிலிருந்து ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது கூத்து பார்ப்பதுபோல இருந்திருக்க வேண்டும். சட்டென்று இரண்டு கட்சியாகிவிட்டார்கள். பெண்கள் எல்லோரும் கறவை மாடு. "கண்ணாடி இன்னா பாலா குடுக்கும்?" என்று ஒரு அம்மா கேட்டார். இளவட்டங்கள் எல்லாம் லென்ஸ்.

பெரியவர் கையமர்த்தினார். "சரி, இவ்ளோ தூரம் வந்துட்ட. வாங்கப் போறியா, இல்லியா?"

"பாக்கலாங்க," என்றார் பாய்.

பெரியவரின் முகம் மாறிவிட்டது. "இன்னா சொன்ன?"

"பாக்கலாம்னு..."

"எங்க அப்பன் காலத்துலேர்ந்து கேக்கறோம்யா. புள்ளைங்களுக்குப் படிப்பு, வேலன்னு. மேல இருக்கறவங்க எல்லாம் இத்தத்தான் சொல்றாங்க. பாக்கலாம், பாக்கலாம். அந்த வார்த்தைய கேட்டுக் கேட்டுத்தான் ரோட்டுல வந்து உக்காந்துகினு இருக்கோம். நீயும் அத்தயே சொல்றியா?"

அந்தச் சொல் இப்படி யாரையாவது சுடும் என்று பாய் அதுவரை நினைத்தே பார்த்ததில்லை.

"ஒரு முடிவு சொல்லிட்டுப் போ. இல்லன்னா வுடமாட்டோம்," என்று பெரியவர் மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு பையன் குரல் கொடுத்தான்: "முடிவு சொல்!" நூறு தொண்டையும் சேர்ந்துகொண்டது. "முடிவு சொல்! முடிவு சொல்! பாயே, பாயே, முடிவு சொல்!"

அந்த நேரம் பார்த்துப் போலீஸ் ஜீப் வந்து நின்றது. அதே இன்ஸ்பெக்டர். இறங்கும்போதே, "கோரிக்கைய எழுதிக் குடுத்துட்டீங்கல்ல, இப்ப இன்னா புதுசா?" என்றவர், கூட்டத்துக்கு நடுவில் குழாயைப் பார்த்துவிட்டார். ஒரு நிமிடம் திரும்பி ஜீப்பில் ஏறிவிடுவாரோ என்றுகூட நினைத்தேன்.

"சார், இந்தாளு ஒரு முடிவு சொல்லணும். அதுவரைக்கும் எழுந்திருக்கமாட்டோம்," என்றார் பெரியவர்.

"யோவ் பாய், சொல்லித் தொலைய்யா! மாவட்டமே நின்னுக்கினு இருக்கு!"

பாய்க்கு வியர்த்து ஊற்றியது. என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே உப்புமா அண்டாவைப் பார்த்தேன். கேட்பதற்கு இனி ஊரில் யாரும் பாக்கியில்லை. மெதுவாகக் கழுத்திலிருந்து கேமராவை எடுத்தார். குழாயைக் கழற்றினார். அதை மரத்தின்மேல், பெரியவருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வாங்கறேங்க," என்றார். குரல் அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். யார் பேசியது என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார்.

கூட்டம் விசிலடித்தது. மாட்டுக் கட்சிப் பெண்களே அதிகமாகக் கைதட்டினார்கள். என்னை உட்காரவைத்தபடியே மொபெட்டைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். கையில் இலையோடு உப்புமா. பெரியவர் பாயின் தோளைத் தட்டி, "எங்களுக்கும் ஒருநாள் இப்புடி ஒருத்தன் வாய தொறந்து சொல்லுவான்ல?" என்றார். பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். குழாயை அங்கேயே விட்டுவிட்டோம். திரும்பி வரும்போது ஒரு பையன் அதை வாயில் வைத்துக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தான். நல்ல எடுப்பான சத்தம்.

லென்ஸ் வந்துவிட்டது. வெள்ளைக்காரர் எவரும் அந்தக் கடைப்பக்கம் வந்ததாக எனக்கு நம்பிக்கை இல்லை. அது வேறு விஷயம்.

பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பாயும் மலைக்குப் போனோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பஸ் மூச்சு வாங்க நின்றது. பாய் இறங்கிப்போய் லென்ஸை மாட்டினார். பாறைப் பக்கம் திருப்பவில்லை. கீழே, சமவெளிப் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு கத்தினார்.

"தம்பி! வூடு தெரியுது!"

அங்கிருந்து கள்ளக்குறிச்சி ஊர் தெரிவதே சந்தேகம். வீடு தெரியும் என்றால் விழுப்புரத்தில் யாராவது தும்முவதும் தெரிய வேண்டும்.

"மொட்ட மாடில பாயம்மா மொளகா காயப்போடறா. பச்சப் பொடவ." கேமரா கிளிக் என்றது. "ஐயோ, கோவமா இருக்கா. வாங்க தம்பி, எறங்கிடலாம்."

நான் கேமராவை வாங்கிப் பார்த்தேன். வெறும் புகை மூட்டம். நடுவில் ஒரு சாம்பல் புள்ளி. எவ்வளவு சொல்லியும் கேட்காமல், எதிரே வந்த பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டார். வீட்டுக்கு வந்தால் பாயம்மா பச்சைப் புடவையில் வாசலிலேயே நின்றார். "மொளகா காயப்போடக் கூப்புட்டா மலைக்கு ஓடிட்டீங்களா?" என்று ஆரம்பித்தார். பாய் திட்டு வாங்கிக்கொண்டே என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

தேனடைப் படத்தைப் பிறகு ஒருநாள் எடுத்தார். அருமையான படம், பத்திரிகையில்கூட வந்தது. ஆனால் ஸ்டுடியோ சுவரில் அவர் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியது அந்தப் புகைமூட்டத்தைத்தான். வருகிறவர்கள் எல்லாம் என்ன பாய் இது, பிலிம் கழுவும்போது கெட்டுப்போயிடுச்சா என்று கேட்பார்கள். பாய் பதில் சொல்வதற்குள் பின்கட்டிலிருந்து பாயம்மாவின் குரல் வந்துவிடும்.

"நல்லா பாருங்க. நடுவுல நிக்கறது நான்தான். அன்னிக்கு பச்சப் பொடவ கட்டியிருந்தேன்."

அது கறுப்பு வெள்ளைப் படம். ஆனாலும் மாற்றலாகி ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று கடைசியாக ஒருமுறை அதன் முன்னால் நின்று பார்த்தேன். அந்தப் புள்ளி எனக்கும் பச்சையாகத்தான் தெரிந்தது.