அலைவரிசையாரும் ஐந்து செருப்புப் பெட்டிகளும்

கடைத்தெருவுக்கு ஞானம் பிறந்துவிட்டது. வியாபாரம் படுத்துக் கிடப்பதற்குக் காரணம் சரக்கு அல்லவாம், விலை அல்லவாம், ஆளைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கும் முதலாளியும் அல்லவாம். கல்லாவில் இருக்கும் கார்டு மெஷின்தானாம்! ஒவ்வொரு கடைக்கும் ஓர் அலை. ஒவ்வொரு மெஷினுக்கும் ஓர் அலை. இரண்டும் ஒத்துப்போனால் பணம் கொட்டும். முட்டிக்கொண்டால் கடைக்குப் பூட்டு.

இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்தவர் அலைவரிசையார். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கேள்வி கேட்கும் பழக்கம் இருந்தால் இந்தக் கதையே இல்லையே!

வியாபாரிகள் சங்கத்தின் மாடி அறையில் தரிசனம். கண்ணாடிக் கடைக்காரர், சாவி போடுகிறவர், மருந்துக் கடைக்காரர் என்று மாடிப்படி முழுக்கக் கூட்டம். கீழே வாடிக்கையாளர்கள், "கடையில யாருங்க?" என்று குரல் கொடுத்துப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். வியாபாரம் பெருக வழி கேட்கப் போனவர்கள், வந்த வியாபாரத்தைத் துரத்திவிட்டு வரிசையில் நின்றார்கள்.

மேசைமேல் நான்கு மெஷின்கள். வெள்ளை, சாம்பல், நீலம், கறுப்பு. அலைவரிசையார் சிவப்பு நூலில் ஒரு செப்புக் குண்டைக் கட்டி ஒவ்வொன்றின் மேலும் பிடிப்பார். மூன்றின் மேல் குண்டு செத்ததுபோல் தொங்கும். கறுப்பின் மேல் வந்ததும் கிறுகிறுவென்று சுற்றும். மருந்துக் கடைக்கும் கறுப்பு, கண்ணாடிக் கடைக்கும் கறுப்பு. பிரபஞ்சத்துக்கு வேறு நிறம் பிடிக்காது போலும்!

அந்தத் தெருவில் செருப்புக் கடை வைத்திருந்தார்கள் ஒரு கணவனும் மனைவியும். அவர்களுடைய பழைய மெஷின் உண்மையிலேயே உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. கார்டைச் செருகினால் திரையில் வட்டம் சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். காலில் மாட்டிய செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஆள் போய்விடுவார். புது மெஷின் வேண்டும். எது? கணவர் மாடி ஏறினார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு. ஏமாறப் போகிறவன் முகத்தில் மட்டுமே தெரியும் தெளிவு.

"கறுப்புதானாம். நாளைக்குக் கையெழுத்துப் போட்டா மாட்டிடுவாங்க. மூணு வருஷத்துக்கு மாத்த முடியாது" என்றார்.

"நூத்துக்கு எவ்வளவு பிடிப்பாங்க? பணம் எப்ப நம்ம கணக்குக்கு வரும்? கெட்டுப்போனா யார் வருவாங்க?" மனைவி கேட்டாள்.

"அதையெல்லாம் அவர்கிட்ட கேட்க முடியுமா? கோவிச்சுக்குவாரு."

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு முனகினார். "இன்னொண்ணும் சொன்னாரு. நீ கல்லாவுல உட்காரக் கூடாதாம். உன் அலை மெஷினைத் தடுக்குதாம்."

"அப்ப எங்க உட்காரணும்?"

"பின்னாடி... குடோன்ல."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன்."

அவள் கையிலிருந்த ஜோடியைப் பெட்டியில் வைத்து மூடினாள். கொஞ்சம் பலமாகவே மூடினாள். கடை திறந்த நாளிலிருந்து கல்லா அவளுடைய இடம். முகத்தைப் பார்த்தே பாத அளவு சொல்லுவாள். அந்த இடத்தைப் பிடுங்க ஒரு செப்புக் குண்டு போதுமாயிற்று.

"நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள்.

மறுநாள் ஒரே மாதிரியான ஐந்து காலிச் செருப்புப் பெட்டிகளோடு மாடி ஏறினாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். அட்டைப் பெட்டி அலையைத் தடுக்குமா?"

அலைவரிசையார் சிரித்தார். "அட்டையா? ஏழு சுவரைத் துளைச்சுக்கிட்டுப் போகும் தாயி!"

"அப்ப சரி. மெஷினைப் பெட்டிக்குள்ள வச்சு மூடிடறோம். கறுப்பு எதுல இருக்குன்னு குண்டு சொல்லட்டும்."

கணவர் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அலைவரிசையார் முகம் மாறியது. "இது விளையாட்டு இல்ல" என்று தொடங்கினார். ஆனால் பக்தர்கள் விடவில்லை. "காட்டுங்க ஐயா! இந்தம்மா வாயை அடைச்சுக் காட்டுங்க!" என்று கத்தினார்கள். பக்தியும் சில நேரம் பயன்படுகிறது.

மருந்துக் கடைக்காரர் மெஷின்களையும் பெட்டிகளையும் பக்கத்து அறைக்கு எடுத்துப் போனார். அவரிடம் அவள் ஒரு சின்னப் பொட்டலமும் கொடுத்தாள். மூடிய பெட்டிகளை வேறு இருவர் தூக்கி வந்தார்கள்.

"அண்ணே, நீங்க உள்ளேயே இருங்க. உங்க முகத்தைப் பார்த்து ஐயா அலையை மறந்துடப் போறாரு" என்று குரல் கொடுத்தாள்.

குண்டு முதல் பெட்டிமேல் தொங்கியது. சும்மா இருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. அலைவரிசையார் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவதில் குண்டு லேசாக ஆடியது, பிறகு சுற்றத் தொடங்கியது.

"இதோ! கறுப்பு! இந்தக் கடையின் அலை!"

பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே தேய்ந்துபோன ஒற்றை ரப்பர் செருப்பு. இடது கால்.

சாவி போடுகிறவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஐயா, இதுல கார்டை எங்கே செருகணும்?"

சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது.

"அவநம்பிக்கை! இந்தம்மாவோட அவநம்பிக்கை அலை குறுக்கிட்டுருச்சு!"

"அப்ப நான் வெளியே போறேன். கலைச்சு வச்சு மறுபடி பாருங்க" என்று தெருவுக்கே இறங்கிப் போய் நின்றாள். குண்டு இந்த முறை நீலத்தைக் காட்டியது. கெஞ்சிக் கேட்டு இன்னொரு முறை பார்த்தார், வெள்ளை வந்தது. கண்ணெதிரே இருந்தபோது ஒருதடவைகூடத் தவறாத குண்டுக்கு, பெட்டியை மூடியதும் பார்வை போய்விட்டது! விரல் ஆட்டினால்தானே குண்டு ஆடும்? விரலுக்கும் கண்தானே வழி சொல்ல வேண்டும்?

அதுவரை மூலையில் நின்ற கணவர் கறுப்பு மெஷினைக் கையில் எடுத்தார். புரட்டிப் பார்த்தார். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'இந்தத் தெருவின் விற்பனை ஏஜென்ட். உதவிக்கு அழைக்கவும்.' கீழே ஓர் எண். தன் போனை எடுத்து அழுத்தினார்.

அலைவரிசையாரின் ஜோல்னாப் பைக்குள்ளிருந்து மணி அடித்தது. அவர் பையை அமுக்கினார். மணி நிற்கவில்லை.

"எடுங்க ஐயா" என்றார் கணவர். "உதவி வேணும்னுதான் கூப்பிடறேன். ஒருத்தன் சொன்னான்னு என் பொண்டாட்டியைக் கல்லாவை விட்டு எழுந்திரிக்கச் சொல்லிட்டேன். என்ன பண்ணலாம், சொல்லுங்க."

அலைவரிசையார் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பின்படிக்கட்டு எங்கே என்று மட்டும் அவருடைய அலை சரியாகக் காட்டிக்கொடுத்தது.

கீழே கடையைத் திறந்ததும் கணவர் கல்லா நாற்காலியைத் துடைத்தார். "உட்காரு."

"குடோனுக்கு?"

"நான் போறேன்."

அந்த வாரம் வெவ்வேறு கம்பெனிக்காரர்களை வரவழைத்துக் கடையிலேயே மெஷின்களை ஓட்டிப் பார்த்தார்கள். சிக்னல் வராத மூலையில் வைத்துப் பார்த்தார்கள். பிடித்தம் எவ்வளவு, பணம் என்றைக்கு வரும், வேண்டாமென்றால் விடுவார்களா என்று மனைவி கேட்கக் கேட்க இரண்டு கம்பெனிக்காரர்கள் நழுவினார்கள். பதில் சொன்னவனிடம் வாங்கினார்கள். வட்டம் சுற்றவில்லை, ஆள் நழுவவில்லை.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நம் ஜனங்கள் விடுவார்களா? தொப்பிக் கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்தார். கையில் புத்தம்புது கார்டு மெஷின்.

"அம்மா, உங்க கை ராசியான கைன்னு தெருவே பேசுது. இதைக் கொஞ்சம் தொட்டுக் கொடுங்களேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நாள் முழுக்கத் தொப்பி விக்கிறீங்க. தொப்பிக்கு அடியில ஒண்ணு வச்சிருக்கீங்களே, அதை என்னைக்காவது வெளியில எடுத்துப் புழங்குங்க. அதுக்குக் கமிஷன்கூட யாரும் பிடிக்கமாட்டாங்க!"