ஒரே தட்டில்

"ஒரே வயித்துல பொறந்தவன்யா நான்! பொருந்தலைன்னா எங்காத்தாவ என்ன சொல்ல வர்ற?"

சுருளி போட்ட சத்தத்தில் நல்லகாமனின் மைக்ராஸ்கோப்பே நடுங்கியது. ரத்த வெள்ளையணுக்களின் மேலிருக்கும் புரதங்களைப் பார்ப்பதுதான் மதுரையில் அவனுக்கு வேலை. எண்பதுகளில் கிட்னி மாற்றப் போகிறவர்கள் அவனிடம் ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். இருவர் புரதமும் ஒத்துப்போனால் சென்னையில் ஆபரேஷன். இல்லையென்றால் அழகர் விட்ட வழி.

அழகர்கோவில் பக்கத்துப் பண்ணையார் கண்ணுச்சாமிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. பிள்ளை கிடையாது. இருக்கிற ஒரே தம்பி சுருளி. அவன் ரத்தமோ துளியும் பொருந்தவில்லை.

"அண்ணன் தம்பிக்கும் பொருந்தாமப் போறதுண்டுண்ணே."

"ஒன் மருந்து சரியில்லன்னு சொல்லு!"

நல்லகாமன் மறுபடி பார்த்தான். அதேதான் வந்தது. சுருளி வேட்டியை மடித்துக் கட்டினான். சம்பந்தமே இல்லாத ஒருவனின் ரத்தத்தையும் சேர்த்துச் சோதித்து, மருந்தில் கோளாறில்லை என்று காட்டினால் இந்த ஆள் அடங்குவான் என்று நல்லகாமனுக்குத் தோன்றியது. எல்லாம் அவன் நேரம்.

வராந்தாவில் பண்ணையாரின் மனைவி முத்துத்தாய் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பெறாதவள் என்று காலமெல்லாம் ஊர்வாயில் விழுந்தவள். உட்காரச் சொல்ல ஆளில்லாமல் பக்கத்தில் நின்றான் பண்ணையாள் சின்னான். கையிலிருந்த துணிப்பையில் ஒரு துண்டும் ரெண்டு எலுமிச்சம்பழமும்.

"இவன் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துக்கிரட்டுமாம்மா?"

"தாராளமா எடுங்க தம்பி," என்றாள் முத்துத்தாய். சின்னானை யாரும் கேட்கவில்லை.

சுருளி குதித்தான். "அவன் ரத்தத்தையும் எங்க ரத்தத்தையும் ஒரே தட்டுலயா வப்ப?"

"தட்டுல தனித்தனிக் குழி இருக்குண்ணே. ஒட்டாது."

சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த நல்லகாமன் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். சின்னானின் புரதங்களில் சரிபாதி பண்ணையாருடையவை. அப்பனிடமிருந்து மகனுக்கு வருவது போலவே இருந்தது.

சொன்னால் அந்தக் குடும்பம் சந்தி சிரிக்கும். சொல்லாவிட்டால் மனுஷன் செத்துப்போவார்.

சுருளி டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து முத்துத்தாயிடம் போய் நின்றான்.

"அம்மா... மருந்து கெட்டுப்போச்சு போலருக்கு. ஒங்க சின்னானுக்குப் பொருந்துதுன்னு கண்டபடி காட்டுது. நீங்க ஒண்ணும் தப்பா..."

வராந்தாக் கோடியில் இன்னும் பையோடு நின்றவனைப் பார்த்துக்கொண்டே முத்துத்தாய் சொன்னாள்:

"பதறாதீங்க தம்பி. அந்த எலுமிச்சம்பழத்தத் தூக்குறதுக்கா அவன இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தேன்?"