கீழ்வீதியில் இல்லாத குழாய்

காரமடை பக்கம்,
12.2.1996, திங்கள்.

போத்தனூர் ரயில்வேயில் வேலை பார்க்கும் மரியாதைக்குரிய மாசாணம் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் மதிவதனி வணங்கி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, வெள்ளாடு இரண்டு, எல்லோரும் சுகம். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் நீங்கள் வருகிற வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு இங்கே வர வேண்டும். காரணத்தை வாயால் சொல்ல என்னால் ஆகாது, அதனால்தான் கடிதம்.

போன வியாழக்கிழமை குடிநீர்த் திட்டத்துக்காக சுந்தரராஜுலு சார் என்று ஓர் அதிகாரி வந்தார். ஊருக்கு ஒரு புதுக் குழாய் வரப்போகிறதாம், எந்த வீதிக்கு என்று முடிவு செய்ய வரைபடம் வேண்டுமாம், ஆபீசில் உட்கார்ந்து வரைந்தால் தப்பாகிவிடும், ஊர்க்காரர்களே தரையில் வரைந்து காட்ட வேண்டும் என்றார். உங்களுக்குத் தெரியும், இருக்கிற ஒரே குழாய் மேல்வீதியில். அவர்கள் பிடித்து முடித்த பிறகுதான் நம் கீழ்வீதிக் குடங்களுக்கு முறை வரும். நான் எட்டாவதோடு நின்றதே அந்த வரிசையில் நிற்கத்தான். யாரோ என் கோலத்தைப் பற்றிச் சார் காதில் போட, பள்ளிக்கூட வாசலில் பொடி டப்பாவோடு என்னை உட்கார வைத்துவிட்டார்கள். நம் வீதி ஆட்கள் எல்லோரும் கூலிக்குப் போயிருந்தார்கள். சுற்றி நின்றது முழுக்க மேல்வீதி. நான் தலையே நிமிரவில்லை.

வீதி, பள்ளம், தோட்டம் எல்லாம் போட்டேன். ஒரு வீட்டில் எத்தனை பேரோ அத்தனை மக்காச்சோள மணி வைக்கச் சொன்னார், வைத்தேன். அப்போது தோட்டத்து நஞ்சுண்டன் கால் பெருவிரலால் தன் வரப்பைக் கொஞ்சம் தள்ளிவிட்டார். பக்கத்துத் தோட்டத்துக் காளியாத்தாள் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க நஞ்சுண்டண்ணா, எங்க தோட்டத்துக்குள்ள ஒரு விரக்கடை வந்துபோட்டீங்களே."

"அட, இது கோலப்பொடிங்க அம்மணி."

"பொடியில உட்டா நாளைக்கு மண்ணுலயும் வருவீங்க. எடுங்க காலை."

சார் நூல் பிடித்து அளந்து இருவரையும் சமாதானம் செய்வதற்குள் ஒரு சேவல் வந்து நஞ்சுண்டன் குடும்பத்தை மாமியார் வரைக்கும் கொத்தித் தின்றுவிட்டது. மறுபடி ஆட்களை எண்ணி வைக்கச் சொன்னார்கள். அந்த அவசரத்தில்தான் மாமா, நான் அதைச் செய்துவிட்டேன். மேல்வீதி முனையில் குழாய்க்காக நீலப்பொடியில் ஒரு பூப் போட்டிருந்தேன். கீழ்வீதிப் பக்கம் மொட்டையாக இருந்தது. ஒரு பக்கம் பூவும் ஒரு பக்கம் வெறுமையுமாக இதுவரை நான் எந்த வாசலையும் விட்டதில்லை. கை தானாகப் போய் அந்தப் பக்கமும் ஒரு நீலப் பூ வைத்துவிட்டது.

சார் குனிந்து பார்த்து, "ஓ, கீழ்வீதியிலயும் ஒரு குழாய் இருக்குதாம்மா?" என்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தலையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. மேல்வீதிக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள், ஒருவர்கூட மறுக்கவில்லை; நமக்கு ஏற்கெனவே இருக்கிறது என்றால் புதுக் குழாயும் அவர்களுக்குத்தானே. சார் பெரிய தாளில் 'கீழ்வீதி: குழாய் உண்டு' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். சாயந்திரம் விஷயம் தெரிந்ததும் அம்மா குடத்தை என் முன்னால் வைத்து, "நீ வெச்ச குழாயில ஒரு கொடம் புடிச்சுட்டு வா கண்ணு, சோறாக்கோணும்" என்றார். அடித்திருந்தால்கூடத் தேவலை. அப்பா நான்கு நாட்களாக என்னைப் பார்த்தால் பெருமூச்சு மட்டும் விடுகிறார். வெள்ளிக்கிழமை சார் வந்து, எந்த வீதிக்குக் குழாய் என்று எல்லோர் முன்னாலும் படித்து முடிவாக்கப் போகிறார். அதன் பிறகு மாற்ற முடியாதாம். நீங்கள் ரயில்வே யூனியன் மேடையில் பேசிப் பழகியவர். நீங்கள் வந்து, என் அக்கா மகளுக்குக் கோலம்தான் தெரியும், குழாய் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்காக இல்லாவிட்டாலும் கீழ்வீதிக்காக வாருங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் ஆசீர்வாதத்தை வெள்ளிக்கிழமை நேரிலேயே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிந்த
மதிவதனி

பி.கு. (புதன்): மாமா, வர வேண்டாம். கடிதத்தைப் பெட்டியில் போடப் போகிற வழியில் சார் ஜீப்பில் வந்துகொண்டிருந்தார். எப்படி நிறுத்தினேன் என்று கேட்காதீர்கள். "சார், நீங்க எழுதுனது தப்புங்க, நான் போட்டது அதைவிடத் தப்புங்க, அங்க குழாயே இல்லீங்க, அழகுக்குப் போட்டுபோட்டனுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். "அழகுக்கா?" என்றார். "மொட்டையா இருந்துச்சுங்க" என்றேன். தாளை விரித்து 'உண்டு' என்பதை அடித்து 'வேண்டும்' என்று எழுதினார். பூ இருக்கிற இடத்திலேயே குழாய் வரும் என்று வெள்ளிக்கிழமை படிக்கப் போகிறாராம். அளந்து பார்த்ததில் அது நம் வீட்டு வாசல். இப்போது கீழ்வீதி முழுக்க, "ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க, எத்தனை நாளாத் திட்டம் போட்டாளோ" என்கிறார்கள். அம்மாவே கொஞ்சம் நம்புகிறார். நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பேச வராதே.