நான் வடக்கைத் திருப்பிய நாள்

நான் ஒருமுறை வடக்குத் திசையை மாற்றியிருக்கிறேன். சூரியனோடு எனக்கு எந்தத் தகராறும் இல்லை. கையில் ஒயிட்னர் இருந்தது, அவ்வளவுதான்.

மூலக்குளத்து வாடகை வீட்டை விட்டு, வில்லியனூர் தாண்டி ஒரு கிராமத்தில் சொந்தமாக வீடு கட்டிப் போயிருந்தோம். கார் மட்டும் புளியமரத்தடியில் நின்று, காக்கைகளின் தயவில் நிறம் மாறிக்கொண்டிருந்தது. வீட்டை ஒட்டாமல் தனியாக ஒரு கார் ஷெட் போடலாம் என்று முடிவானது. அதற்கும் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் பிளான் கொடுத்து அனுமதி வாங்க வேண்டுமாம்.

பிளான் வரைந்தது என் மகள் கயல். சிவில் படித்து, லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம். அவள் கையெழுத்தும் முத்திரையும் வைத்துப் போகிற முதல் வரைபடம். (அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் காட்டினேன். ஒருத்தி, "கோலம் நல்லாருக்கு" என்றாள்.)

பிளானில் ஷெட் வடகிழக்கு மூலையில் இருந்தது. ரோடு அங்கேதான் வந்து தொடுகிறது. "வேற எங்க வச்சாலும் கார் பறந்துதாம்மா வரணும்" என்றாள் கயல்.

அந்த வாரம்தான் என் போனுக்கு அந்த வாஸ்து வீடியோ வந்து சேர்ந்தது. வடகிழக்கில் பாரம் வைத்தால் வீட்டுப் பெண்ணின் தொழில் முடங்குமாம். வண்டிக்கு வடமேற்குதான் உத்தமமாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், மனையை நாலு சுற்றுச் சுற்றினேன். ஷெட்டை நகர்த்த முடியாது. ரோட்டை நகர்த்த முடியாது. தாளில் நகர்த்தக்கூடியதாக ஒன்றுதான் மிச்சம்: வடக்கைக் காட்டும் அந்தச் சின்ன அம்புக்குறி.

கயல் குளிக்கப் போன நேரத்தில், மேலே பார்த்த அம்பை அழித்து, வலப்பக்கம் பார்க்க வரைந்தேன். தாளில் ஷெட் சமர்த்தாக வடமேற்குக்குப் போய்விட்டது! மூன்று பிரதியிலும் ஸ்கேல் வைத்துச் சுத்தமாகச் செய்தேன். என் கணவர் கவரில் போட்டு எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டார்.

பத்து நாள் கழித்து கொம்யூன் இன்ஜினியர் இடம் பார்க்க வந்தார். போனில் திசைகாட்டியோடு! பிளானைப் பிடித்தபடி நேராக வடமேற்கு மூலைக்குப் போனார். அங்கே எங்கள் கிணறு இருந்தது. எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, காரை உள்ள இறக்கப் போறீங்களா?"

சிரித்துக்கொண்டே பிளானைக் குனிந்து பார்த்த கயலின் முகம் வெளுத்தது.

"வாசலும் வடக்குன்னு இருக்கு. நான் கிழக்கு வாசல்லதான வந்தேன்?" என்றவர் அம்பை நகத்தால் சுரண்டினார். வெள்ளையாக உதிர்ந்தது. "கையெழுத்து போட்ட பிளான்ல திருத்தியிருக்கு. இதை மேல அனுப்புனா உங்க லைசென்ஸ் இன்னா ஆகும்னு தெரியுமா?"

கயல் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான்தான் சார், தப்பா மார்க் பண்ணிட்டேன்."

"அவ இல்ல சார்! நான்! வாஸ்து சார்!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மாடு அசைபோடுவதை நிறுத்தியது. வீடியோ, ஒயிட்னர், ஸ்கேல், எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் பிளானை மடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க இன்னா வேலை பண்றீங்க?"

"டீச்சர் சார்."

"இன்னா பாடம்?"

"புவியியல்."

அவர் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. திரும்பியவர் மூன்று பிரதிகளையும் கயலிடம் நீட்டினார். "புதுசா பிரின்ட் எடுத்துக் குடும்மா. இதை நான் பாக்கல. அம்மாவையும் பாக்கல."

புதுப் பிரதிகளை என் கண்ணில் காட்டாமல் கயலே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஷெட் வடகிழக்கிலேயே எழும்பியது. அவள் தொழிலும் முடங்கவில்லை. இப்போது சாம்பாரில் உப்பு கூடினால் என் கணவர், "ஒயிட்னர் எடுத்தாரட்டுமா?" என்கிறார். புதுப் பிளான் போடும்போதெல்லாம் கயல் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறாள்: "அம்மா, வடக்கை எந்தப் பக்கம் வைக்கட்டும்?" நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். ஆனால் அவள் அன்று சொன்ன அந்த "நான்தான் சார்" நினைவுக்கு வந்தால் இன்றைக்கும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

ஒன்று மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. வடகிழக்கில் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டுமென்றால் அதன் முகம் வெளியே பார்த்திருக்க வேண்டும் என்று அந்த வீடியோவின் கடைசியில் வரும். கயல் தினமும் சாயங்காலம் காரை ரிவர்ஸில்தான் உள்ளே விடுகிறாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"காலைல எடுக்க ஈஸிம்மா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.