செங்கமலத்தை அவுட் ஆக்கக் கூடாது

மென்னகை நாட்டை இன்முகவர்மர் ஆண்டுவந்தார். அவருடைய முன்னோர் சண்டை போட்டு நாட்டைப் பிடித்தார்கள். இவர் தேர்தல் வைத்துப் பிடித்தார். அதனால் அவருக்குத் தன்மேல் மிகுந்த மரியாதை.

அந்நாட்டுத் தலைநகரப் பள்ளியில் செங்கமலம் என்றொரு சிறுமி படித்தாள். அவளுக்கு அறிவு வளர்ச்சி குறைவு. எண்கள் மனதில் தங்காது. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆனால் கல்லா மண்ணா ஆடுவாள். கல்லில் நிற்பவரைத் தொட முடியாது, மண்ணில் இறங்கினால் தொடலாம், தொட்டால் அவுட். இது அவளுக்குப் புரிய ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. வகுப்புத்தோழி குருவம்மாதான் கத்திக் கத்திப் புரியவைத்தாள்.

"அடியே, மண்ணுல நிக்கிறடி! நீ அவுட்டு! அந்தப் பக்கம் போ!"

"இல்ல. நா கல்லு."

"எங்கடி கல்லு? அழுகுணி ஆட்டம் ஆடுனா சேக்க மாட்டேன் பாத்துக்க!"

செங்கமலம் அழுவாள், மண்ணை வாரி இறைப்பாள், பிறகு அவுட் ஆனவர்களோடு போய் நிற்பாள். மறுநாள் குருவம்மாவைத் துரத்தித் தொட்டுவிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும்படி கூவுவாள்.

ஒருநாள் பள்ளியைப் பார்வையிட வந்த அயல்நாட்டுத் தூதர், அவள் அழுதுகொண்டிருந்ததைக் கண்டு, "இப்படிப்பட்ட குழந்தைகளை நீங்கள் சேர்த்துக்கொள்வதில்லையோ?" என்று கேட்டுவிட்டார். மன்னருக்கு மானம் போயிற்று. மாலைக்குள் அரவணைப்புத் துறை பிறந்தது. அதற்கு ஓர் அமைச்சரும் பிறந்தார்.

அமைச்சர் பள்ளிக்கு வந்து முழங்கினார். "மாணவச் செல்வங்களே! செங்கமலம் தொட வந்தால் இனி எவரும் ஓடக் கூடாது. நின்று புன்னகைக்க வேண்டும். அவளை அவுட் ஆக்குவது குற்றம்."

"ஐயா, அப்ப அவ ஒப்புக்குச் சப்பாணியா?" என்று ஒரு பிள்ளை கேட்டது.

அழுகிற சின்னக் குழந்தையைச் சமாதானப்படுத்த அந்நாட்டுப் பிள்ளைகள் ஆட்டத்தில் தரும் இடம் அது. அந்தக் குழந்தை ஓடலாம், தொடலாம். அது தொட்டாலும் சேர்த்தியில்லை, அதைத் தொட்டாலும் சேர்த்தியில்லை.

"அந்தச் சொல் இன்றுமுதல் தடை செய்யப்படுகிறது," என்றார் அமைச்சர். "கௌரவ ஆட்டக்காரர் என்று சொல்ல வேண்டும்."

அரவணைப்புக்குப் பாடநூல் வந்தது, தேர்வும் வந்தது. 'உன் தோழி உன்னைத் தொட வருகிறாள். நீ என்ன செய்வாய்?' என்ற கேள்விக்குக் குருவம்மா 'ஓடுவேன்' என்று எழுதினாள். பூஜ்யம். தேறாதவர்களுக்கு அடுத்த வகுப்பு கிடையாது என்றார்கள். மறுதேர்வில் 'நின்று புன்னகைப்பேன்' என்று எழுதித் தேறினாள்.

செங்கமலம் தொட்டாள். எல்லாரும் நின்றார்கள், புன்னகைத்தார்கள், பாராட்டினார்கள்.

"ஓடு," என்றாள் குருவம்மாவிடம். "ஓடுடி!"

குருவம்மா புன்னகைத்தாள். செங்கமலம் அவள் கையைக் கடித்தாள். குருவம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்தது, புன்னகை போகவில்லை. அதற்கு அவளுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். செங்கமலம் மைதானத்து ஓரக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதன்பின் இறங்கவில்லை.

அவளுடைய அம்மா வேலாயி அமைச்சரிடம் போனாள். "ஐயா, எம்புள்ளைய அவுட்டாக்கச் சொல்லுங்கய்யா."

"தாயே! பெற்ற வாயால் பேசும் பேச்சா இது?"

"பழையபடி அவகிட்ட சண்டையாச்சும் போடச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்தா வாயத் தொறக்க மாட்டேங்குறா."

"உங்களுக்கும் அந்தப் பாடநூலை அனுப்பிவைக்கிறோம்," என்றார் அமைச்சர்.

அரவணைப்பு விழாவுக்கு மன்னரே வந்தார். பிள்ளைகளோடு ஆடுவதாகக் காட்ட மேடையை விட்டு இறங்கினார். கல்லில் உட்கார்ந்திருந்த செங்கமலம் அவர் கால்களைப் பார்த்தாள். மண்ணில் இருந்தன. குதித்து ஓடிவந்து அவர் வயிற்றில் ஓர் அடி வைத்தாள்.

"அவுட்டு!"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்திருந்தது. மன்னர் கைதட்டினார். அமைச்சர் தட்டினார். மைதானம் முழுக்கத் தட்டியது. செங்கமலம் காத்திருந்தாள். பிறகு அவுட் ஆனவர்கள் நிற்கும் இடத்தைக் காட்டினாள். "போ. அந்தப் பக்கம் போ." கைதட்டல் இன்னும் உயர்ந்தது. அவள் கூட்டத்தில் அம்மாவைத் தேடினாள். அக்கம்பக்கத்தார் தன்னைப் பார்ப்பதைக் கண்டு வேலாயியும் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்து தேர்தல் வந்தது. குழாயில் தண்ணீர் இல்லை, கடையில் அரிசி இல்லை. முறையிடப் போனால் அதிகாரிகள் எழுந்து நின்று புன்னகைத்தார்கள். மக்கள் மன்னரைத் தோற்கடித்தார்கள். முடிவைக் கேட்க அதே மைதானத்தில் கூடினார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

"மன்னர் தோற்றுவிட்டார்!" என்று அறிவித்தார் அமைச்சர். "எவ்வளவு அழகாக வாக்களித்திருக்கிறீர்கள்!" மன்னர் மேடையில் போட்டிருந்த அரியணையில் அமர்ந்தபடியே கைதட்டினார்.

"அப்ப எறங்கச் சொல்லுங்கய்யா!" என்று ஒருவர் கத்தினார்.

கைதட்டல் உயர்ந்தது. பிள்ளைகள் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். குருவம்மாவின் புன்னகையில் ஒரு குறையும் இல்லை.

கூட்டம் கலைந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வேலாயி நடந்துபோய் ஓரக் கல்லில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலை நிமிரவில்லை. செங்கமலம் மெல்ல நகர்ந்து இடம் விட்டாள். வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, ஒன்னையும் சேத்துக்கிட்டாங்களா?"