ராசாத்திக்கு ஒரு மலை வேண்டும்

நுவரெலியாவில் குதிரை தப்பே செய்யாது என்று சத்தியம் செய்யக்கூடிய ஒரே மனிதர் பிளேன்டீ மாமாதான். குதிரை உதைத்தால், உதை வாங்கியவன் நின்ற இடம் தப்பு. கடித்தால், அவன் கை ஏன் அங்கே போனது?

ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றும் குதிரைகளை அவர்தான் பார்த்துக்கொண்டார். அதில் ராசாத்தி என்ற பழுப்புப் பெண் குதிரை, நடக்கும்போது சாது. கொஞ்சம் வேகமெடுத்து, கேன்டர் என்கிறார்களே, அந்தத் தாவு ஓட்டத்துக்கு மாறினால் ஆளை உலுக்கி எடுத்துவிடுவாள். "ஏப்ரல் சீசனுக்குள்ள சீரா ஓடலன்னா வித்துருவேன் மாமா" என்று முதலாளி சொல்லிவிட்டார். மாமா அன்று சாப்பிடவில்லை. மறுநாளே ராசாத்தியை எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நான் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார், ஒல்லிப்பிச்சான். அதனால் சவாரிக்கு என்னைப் பிடித்தார். ஒரு கையில் கடிவாளம், மறு கையில் டம்ளர் நிறையப் பால் விடாத சூடான பிளேன்டீ. மலையைச் சுற்றிவரும் ரோட்டில் ஒரு சொட்டுச் சிந்தாமல் வந்துசேர்ந்தால் ஓட்டம் சீராகிவிட்டது என்று அர்த்தமாம். இந்தப் பரீட்சையால் வந்த பெயர்தான் அவருடையது.

தினமும் என் மடி வெந்தது.

"மாமா, குதிரை குலுக்குது."

"அவ நல்லாத்தான் போறா. நீங்கதான் சார் ஆடுறீங்க."

மூன்றாம் மாதம் டீ சிந்தவில்லை. மார்தட்டிக்கொண்டு ஏரிக்கரை மைதானத்துக்குப் போனோம். ராசாத்தி ஓடத் தொடங்கியதும் இடது பக்கம் சாய்ந்தாள், சாய்ந்துகொண்டே போனாள். நான் டம்ளரோடு புல்லில் கிடந்தேன். அப்புறம்தான் விளங்கியது. மூன்று மாதமும் ஒரே பக்கமாகவே சுற்றியிருக்கிறோம். மலை எப்போதும் இடப்பக்கம். இங்கே இல்லாத மலையை ஒட்டி ஓடியிருக்கிறாள்.

"இவளோட ஒரு மலையையும் வாங்கணுமா மாமா?" என்றார் முதலாளி.

"ரெண்டு கிழமை, பதினாலே நாள் குடுங்க மொதலாளி. மலை அந்தப் பக்கம் இருந்தது அவ தப்பில்லைங்க."

எதிர்ப்பக்கமாகச் சுற்றினோம். ராசாத்தி மிரண்டாள். மாமா பள்ளத்துப் பக்கமாக, மூச்சு வாங்க அவளோடு ஓடினார். இரண்டு தடவை ரோட்டோரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தார். கான் வெட்டியவனைத் திட்டினார்.

மறுபடி மைதானம். ராசாத்தி இரண்டு பக்கமும் சுற்றினாள், டீ அசையவில்லை. முதலாளிக்குத்தான் திருப்தியில்லை.

"சார் பழகிட்டாரு. நீங்க ஏறுங்க மாமா, பாக்கலாம்."

மாமா என்னை ஓரமாக இழுத்தார். என் காதோடு சொன்னார்: "நான் குதிர மேல ஏறுனதே இல்ல சார். பயம்."

அடப்பாவி மனுஷா! ஆனாலும் ஏறினார். கண்ணை மூடி, பிடரியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ராசாத்தி காதைப் பின்னால் திருப்பினாள். முதலாளி எவ்வளவு அதட்டியும் ஓடவில்லை. தூங்கும் பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல மைதானம் முழுக்க நடந்தே வந்தாள்.

காரியம் கெட்டது என்றுதான் நினைத்தேன். முதலாளி சிரித்துவிட்டார்.

"பயந்தவங்கள இப்படிக் கொண்டுவர்ற குதிரைய யாரு விப்பா? இங்கயே இருக்கட்டும்."

மாமா இறங்காமல் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். இறக்கிவிடப் போன எனக்கும் மனசு வரவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அவரை இன்னொரு சுற்று கூட்டி வந்தேன்.