அழுதோர் ஏழு பேர்

பாளையங்கோட்டை,
1912 நவம்பர் 14

கர்த்தருக்குள் அன்பான கொழுந்தனார் நேசையா அவர்களுக்கு, மதினி ஞானசௌந்தரி எழுதுவது. இங்கு நான் சுகம். நாங்குநேரியில் நீரும் தேவமணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உம்முடைய கடிதம் கிடைத்தது. அதில் பதினான்கு பிழைகள்; திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

உம் அண்ணன் விட்டுப்போன ‘பொருநைத் தூதன்’ வாரப் பத்திரிகையை ஒரு கைம்பெண் நடத்தினால் சந்தாதாரர்கள் ஓடத்தான் செய்வார்கள், கிறிஸ்துமசுக்குள் அச்சுக்கூடத்தை என் பெயருக்கு எழுதிக்கொடும், இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன் என்கிறீர். நடந்ததை என்னிடம் கேளும்.

‘அன்னாரின் பிரிவால் ஊரே அழுதது’ என்ற வரியை அச்சுக்கோப்பவர் தானியேல் எப்போதும் ஈய எழுத்தில் கோத்து, கலையாமல் நூல் சுற்றித் தயாராக வைத்திருப்பார். யார் இறந்தாலும் பெயரை மட்டும் மாற்றி, அதைத் தூக்கி வைத்துவிடுவார். நான் மிஷன் பள்ளியில் துரைசானியம்மாவின் பிரம்புக்கு முன்னால் உண்மை எழுதப் பழகினவள். அந்த வரியைப் பிரித்துப்போடச் சொன்னேன். “வேண்டாம்மா, சனங்க கோவிச்சுக்கிடுவாங்க” என்றார். ஆனாலும் பிரித்தார்.

அந்த வாரம் பார்த்து வண்ணார்பேட்டை நெல் வியாபாரி திருஞானசம்பந்தம் காலமானார். தானியேலை அனுப்பி எண்ணிவரச் சொல்லி, ‘அழுதோர் ஏழு பேர், அவர்களில் ஒருவர் புகைக்கு எதிரே நின்றவர்’ என்று உள்ளதை உள்ளபடி போட்டேன். மறுநாள் அவர் மகன் நமச்சிவாயம் பத்திரிகையைச் சுருட்டிப் பிடித்தபடி வந்து நின்றார்.

“ஏம்மா, எங்க ஐயாவுக்கு ஏழு பேருதான் அழுதாங்களா? நான் அழுததைச் சேத்தியளா இல்லியா?”

“தானியேல், இவர் அழுதாரா?”

“அழுதாருன்னு சொல்ல முடியாதும்மா. பந்தல்காரங்கிட்ட சத்தம் போட்டுக்கிட்டு நின்னாரு.”

சந்தாவை நிறுத்திவிட்டுப் போனார். கடைத்தெருவில் இன்னும் முப்பது பேர் நிறுத்தினார்கள். அதுவரைக்கும்தான் உமக்கு யாரோ வந்து சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் அம்பாசமுத்திரத்தில் அப்பாத்துரை என்பவர் வீட்டில் துக்கம். தானியேல் வாசலில் கால் வைத்ததும் “ஏட்டி, பேப்பர்காரரு வந்துட்டாரு, அழுங்கட்டி” என்று உள்ளே ஒரு குரல். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள், வண்டிமாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்கள், பத்து வருஷமாய்ப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள், எல்லாரும் அழுதார்களாம். நூற்று நாற்பது பேர். தானியேலும் அழுதுவிட்டார், அவரை நான் சேர்க்கவில்லை. அழுத அத்தனை பேரும் தங்களைச் சேர்த்திருக்கிறதா என்று பார்க்கப் பத்திரிகை வாங்கினார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் ஊரில் எத்தனை என்று பார்க்க வாங்கினார்கள். இப்போது அச்சடிப்பது போதவில்லை. நமச்சிவாயமே திரும்பி வந்து, “எங்க பெரியம்மாவுக்கு முடியாம இருக்கு. எதுக்கும் தானியேல் அண்ணாச்சிகிட்ட சொல்லி வைங்கம்மா” என்று சந்தாவைப் புதுப்பித்துவிட்டுப் போனார்.

ஆகையால் அச்சுக்கூடம் தருவதற்கில்லை. உண்மையை வைத்துப் பேரம் பேசாதவள் கையில்தான் பத்திரிகை இருக்கவேண்டும்.

இந்த அடைமழையில் உம் வீட்டு ஓடு ஒழுகாதிருக்கவும், உமக்கு நல்ல புத்தி பெருகவும் கர்த்தரை வேண்டும்,
மதினி ஞானசௌந்தரி

பி.கு.: அண்ணன் காலமானபோது நம் பத்திரிகையிலும் ‘ஊரே அழுதது’ என்றுதானே வந்தது என்று குத்திக்காட்டியிருக்கிறீர். நியாயம். விசாரித்தேன். அழுதவர்கள் பத்தொன்பது பேர். நீர் அதில் இல்லை. அந்நேரம் அச்சு இயந்திரத்தை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தீர் என்கிறார் தானியேல். அதை உம் பெயரோடு அடுத்த இதழுக்குப் பிழைதிருத்தமாகக் கோத்து, நூல் சுற்றி வைத்திருக்கிறோம். அச்சுக்கூடத்தில் உமக்குப் பாத்தியதை இல்லை என்று சனிக்கிழமைத் தபாலில் உம் கையெழுத்தோடு வந்துவிட்டால் பிரித்துப்போடச் சொல்லுகிறேன். ஊரே அழுததாக இருந்துவிட்டுப் போகட்டும்.